ஆறு மணிக்கு மேல்

காலடிப்பேட்டையில் என் மகளையும் இன்னும் நாலைந்து பிள்ளைகளையும் பகலில் பார்த்துக்கொண்ட அம்மாள் நல்ல உயரம். தோளில் எப்போதும் ஈரத் துண்டு. குழந்தையைத் தருமுன் தலையை ஒருமுறை மெதுவாக வாரிவிடுவார். துறைமுக வேலை முடிந்து பெற்றோர் நாங்கள் ஆற அமர ஏழு, எட்டு மணிக்கு வந்ததால், ஆறுக்கு மேல் ஐம்பது ரூபாய் கூடுதல் என்றார். அன்றிலிருந்து எல்லோரும் நேரத்துக்கு வந்தோம்.

அடுத்த மாதமே, "லேட்டு காசு இனிமே வாணாம் நைனா," என்றார்.

"ஏம்மா, காசு கசக்குதா?"

"காசு கேட்டதும் அல்லாரும் ஆறுக்கே புள்ளையத் தூக்கினு ஓடிர்றீங்கோ. அப்பால இந்த வூட்ல பேச யாரு கீறா?"

கட்டணம் நின்றது, நேரத்துக்குப் போகும் பழக்கம் எங்களை விடவில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தால் வாசலில் நின்றுகொண்டிருப்பார். உள்ளே விளக்குகூடப் போட்டிருக்க மாட்டார்.