கிரேம் பாஸ்கோ பெயரில் ஒரு கேடயம்

கிரேம் பாஸ்கோ செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்களிடம் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் கல்லூரி அவன் பெயரில் கேடயம் வைத்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் கற்கத் துடிக்கும் அல்ட்ராசவுண்ட் மாணவருக்காம்! எனக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்திரேலியாவின் பல்லராட் ஊர் ஆஸ்பத்திரியில் நானும் அவனும் ஒரே ஸ்கேன் அறையில் குப்பை கொட்டியவர்கள். ஆட்டுப் பண்ணையில் பிறந்து, எக்ஸ்ரேயில் தொடங்கி, அல்ட்ராசவுண்டுக்கு வந்தவன். நல்ல கை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாய்! புது மாணவர்கள் வந்தால் போதும், "பட்டம் வாங்கிட்டா படிப்பு முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, சாகுற வரைக்கும் படிக்கணும்" என்று ஆரம்பித்துவிடுவான். அவன் படித்த லட்சணம் எனக்குத் தெரியாதா? வேலையில் நீடிக்க வகுப்பு, கூட்டம் என்று போய்ப் பயிற்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். இணைய வகுப்பைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் புல் வெட்டப் போவான். மாலைக் கூட்டம் என்றால் வாசலில் கையெழுத்து, கறி அடைத்த ஒரு சாசேஜ் ரோல், பின்வாசல் வழியாக வீடு.

போன இலையுதிர் காலத்தில் பெர்த்திலிருந்து நாள் கணக்கில் உட்கார்ந்தே கார் ஓட்டி வந்தான்; அப்படி உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையலாம். இடது கால் வீங்கியிருந்தது. டாக்டரிடம் போனானா? எங்கள் ஆட்களுக்கே உள்ள கொழுப்பு, கருவி கையில் இருந்தால் டாக்டர் எதற்கு என்பது. மாணவர்கள் சுற்றி நிற்க, தொடையில் ஜெல்லைப் பிதுக்கித் தானே ஸ்கேன் செய்துகொண்டான். கருவியால் அழுத்தினால் ரத்தக்குழாய் தட்டையாக வேண்டும். ஆகாவிட்டால் உள்ளே ரத்தக்கட்டி. தட்டையானது.

"பாத்தீங்களா? சுத்தம்!"

"கிரேம், சில பேருக்கு அங்க குழாய் ரெட்டையா இருக்கும். பக்கத்துல இன்னொண்ணு இருக்கான்னு பாரு," என்றேன்.

"எனக்கே பாடமா, லொரெய்ன்?"

"போன கூட்டத்துல இதத்தான் சொன்னாங்க. நீதான் தின்னுட்டு ஓடிட்டியே!"

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் சிவந்தது. கருவியை வாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டான்.

"என் காலு, நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையப் பாரு."

"கீழதான அவசரப் பிரிவு இருக்கு, போய்த் தொலையேன்டா!" என்று கத்தினேன். போகவில்லை. அவன் மனைவி நொலீனுக்குப் போன் போட்டேன். "அவரே பாத்துட்டாராம், ஒண்ணுமில்லையாம்," என்றாள். அந்தச் சனிக்கிழமை ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறி, தோட்டத்திலேயே விழுந்து செத்தான். பிரேதப் பரிசோதனையில், பக்கத்தில் இருந்த இரண்டாவது குழாய் முழுக்க ரத்தக்கட்டி.

கேடயம் வழங்கும் விழாவில் கல்லூரி முதல்வர், "கடைசி மூச்சு வரை கற்றவர்" என்று உருகினார். அடுத்து நான் பேச வேண்டும். முன்வரிசையிலிருந்த நொலீன் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஸ்கேன் அறையில் நடந்த சண்டை அவள் காதுக்கும் போயிருந்தது.

"அந்தக் கூட்டத்துல அவரு உக்காந்து கேட்டிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பாரா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டாவது குழாயையும் பாத்திருப்பான். அன்னிக்கே மருந்து ஆரம்பிச்சிருப்பாங்க. இருந்திருப்பான்."

என் கையை உதறினாள். "அப்ப அத மைக்ல சொல்லு. இவங்க புளுகறத என்னால கேக்க முடியல."

மேடையேறி, ஒன்று விடாமல் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை.