சந்தனம் வைத்த சேஃப்டி

"கேளு யாமினி. இப்பக் கேளு."

இளங்கீரன் கராஜில் இரும்புப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறார். கையில் ரைபிள். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டுக்குள் இருக்கின்றன. அந்த விஷயத்தில் மனிதர் சட்டத்துக்கே பாடம் எடுப்பார். ரைபிளின் பின்பக்கத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு நெம்புகோல்; அதுதான் சேஃப்டி, தெரியாமல் வெடித்துவிடாதபடி தடுக்கும் பூட்டு. அதைக் கட்டைவிரலால் ஒரு தள்ளு. 'டிக்.' இன்னொரு தள்ளு. 'டிக்.' தள்ளி முடித்ததும், பாட்டுப் பாடி முடித்த பிள்ளைபோல மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். யாமினி தோசைக் கரண்டியோடு நிற்கிறாள். உள்ளே கல்லில் தோசை தீய்கிறது. அந்த வாசனை அவருடைய மூக்குக்கு மட்டும் எட்டவில்லை.

"நல்லா இருக்குங்க."

"வெறும் நல்லாவா? பழசு சொத்துன்னு கேக்கும், மறந்துட்டியா? இதுல மூணு பொசிஷன். பின்னால தள்ளினா மொத்தமும் லாக். நடுவுல வச்சா சுடாது, ஆனா தோட்டாவை வெளிய எடுத்துக்கலாம். முன்னால தள்ளினாத்தான் சுடும்."

யாமினிக்கு இது இப்போது மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வாள். கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த இரண்டு நிலை சேஃப்டியில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத பொருளைக் கண்டால் இளங்கீரனுக்குக் கை அரிக்கும், அவ்வளவுதான். மெல்பர்ன் புறநகரான டார்னெய்ட்டில் வீடு வாங்கிக் குடிவந்த நாளிலிருந்து வாங்கியது வாங்கியபடி இருக்கும் சாமான் அந்த வீட்டில் எதுவும் கிடையாது. குழாய்க்குப் புதுத் தலை, காருக்குப் புதுக் கேமரா, கிரைண்டருக்குப் புது மோட்டார். மாற்றிய பிறகு ஒழுகினால் வாஷர் சரியில்லை. ஓடாவிட்டால் கரண்டு சரியில்லை. மாவு புளிக்காவிட்டால் மெல்பர்ன் குளிர் சரியில்லை. 'தப்பு என்னுதுதான்' என்ற இரண்டு சொற்களுக்காகக் கல்யாணமான நாளிலிருந்து யாமினி காத்துக்கொண்டிருக்கிறாள். ஊஹூம், இன்னும் வந்தபாடில்லை.

சரி, இந்த வேட்டைக்கார வீரர் இதுவரை எதைச் சுட்டிருக்கிறார்? காகித வட்டத்தை. ஐயா சுத்த சைவம். குளியலறையில் உள்ளங்கை அகல ஹன்ட்ஸ்மன் சிலந்தி வந்தால், டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, தோட்டத்தில் விட்டு, "போயிட்டு வா" என்று வழியனுப்பியும் வைப்பார்.

பக்கத்து வீட்டு இலங்கைத் தமிழர், எலக்ட்ரீஷியன் பிரஷாந்தன் ஒருநாள் சாப்பிட வந்தவர், சேஃப்டிப் பிரசங்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ரசத்தைக் குடித்துவிட்டு மெல்லக் கேட்டார்: "ஓம் அண்ணை, எல்லாம் சரி. எங்கட ஊரில துவக்கைக் கண்டா நாங்கள் ஓடுறனாங்கள். நீங்கள் காசு குடுத்து வாங்கி, பிறகு அது வெடிக்காமல் இருக்க இன்னும் காசு குடுக்கிறியள். பேசாமல் வாங்காமலே விட்டிருக்கலாமே?"

யாமினி சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினாள். இளங்கீரன் மட்டும் அசரவில்லை. "அதுதான் பிரஷாந்தன், அதுதான் பாயிண்ட்! வெடிக்காம இருக்கறதுதான் முக்கியம்!" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆனால் அவருக்கு ஒரே ஒரு ஆசை நிஜமாகவே இருந்தது. அது யாமினிக்குத் தெரியும் என்பதால்தான் அவளும் தோசையைத் தீயவிட்டுக் கராஜுக்கு வருகிறாள். அந்த ஆசை, துப்பாக்கி கிளப்பில் பாதுகாப்பு அதிகாரி போடும் ஆரஞ்சு நிற மேலங்கி. இளங்கீரனின் வேலை ஒரு வங்கியில் மென்பொருளைச் சோதிப்பது. "நிறுத்துங்க, இதுல பிழை இருக்கு" என்று இவர் அங்கே கத்துவார். "நன்றி, குறித்துக்கொண்டோம்" என்று சொல்லிவிட்டு, பிழையோடு வெளியே விட்டுவிடுவார்கள். இவரைவிட இளையவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். கிளப்பில் கதையே வேறு. ஆரஞ்சு மேலங்கிக்காரர் "ஸ்டாப்" என்று ஒரு குரல் கொடுத்தால், வரிசையில் படுத்திருக்கும் அத்தனை பேரும் விரலை எடுத்துவிடுவார்கள். தன் சொல்லுக்கு உலகம் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், பாவம், அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்கான செய்முறைத் தேர்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்காகவே புது சேஃப்டியை வரவழைத்து, உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்தி வாங்கினார்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. கேட்கவா வேண்டும்! தமிழ்நாட்டில் ஸ்பானருக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைக்கிறவர்கள் அசல் ஆயுதம் கையில் கிடைத்தால் விடுவார்களா? கார், லேப்டாப், டிரில்லிங் மெஷின், புல்வெட்டி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு. ரைபிளுக்கு மட்டும் பட்டையாகச் சந்தனம். புதுச் சாமான் என்பதால் சேஃப்டிக்குத் தனிக் கவனிப்பு; விரலால் வழித்து நன்றாக அப்பினார்.

"ஏங்க, உள்ள போயிடப்போகுது," என்றாள் யாமினி.

"கண்ணு படாம இருக்கணும்ல. நீ சூடத்தை ஏத்து."

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் எடுத்தபோது குழலையும் கட்டையையும் துடைத்தார். சேஃப்டி மேலிருந்த பொட்டை மட்டும் சாமி பொட்டு என்று விட்டுவைத்துப் பெட்டியில் பூட்டினார். அந்த வாரம் ஆபீஸில் தலைபோகிற வேலை. 'டிக்' கச்சேரி நடக்கவில்லை. பார்த்துப் பார்த்துச் சோதிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதர், சந்தனம் காய்ந்து உள்ளே இறுகியதை ஒரு தடவைகூடச் சோதிக்காமல் தேர்வுக்குக் கிளம்பினார்.

மேற்கே, புல்வெளி தாண்டி, காற்று ஆளைத் தள்ளும் இடத்தில் கிளப். தேர்வு நடத்துபவர் கிரஹாம் என்ற பெரியவர். அதிகம் பேசாதவர். அவர் கையில் மடித்த ஆரஞ்சு மேலங்கி இருந்தது. யாமினி தடுப்புக்குப் பின்னால், காதடைப்பான் மாட்டிக்கொண்டு நின்றாள். தன் புருஷனின் கட்டைவிரல் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் நின்றாள்.

இளங்கீரன் படுத்தார். தோட்டாவைப் போட்டார். கிரஹாம் "சேஃப்" என்றார். கட்டைவிரல் நெம்புகோலைப் பின்னால் தள்ளியது. பார்த்தால் கச்சிதமாகப் பின்னால் போய் நின்ற மாதிரிதான் இருந்தது. கிரஹாம் எட்டிப் பார்த்தார், தலையாட்டினார், "குட்" என்று சொல்லிவிட்டு மேலங்கியின் மடிப்பைப் பிரிக்கத் திரும்பினார்.

கட்டைவிரல் மறுபடி தள்ளியது. இன்னொரு தரம் தள்ளியது. யாமினி தடுப்பை ஒட்டி எட்டிப் பார்த்தாள். அந்த விரலை அவளுக்குத் தெரியும். டிக் வரவில்லை. வந்திருந்தால் விரல் அங்கே நிற்காது. பூட்டிய மாதிரி தெரிகிறது, பூட்டவில்லை. உள்ளே தோட்டா இருக்கிறது.

அவரையும் யாமினியையும் தவிர இது அங்கே யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் அடுத்த நிமிஷம் மேலங்கி தோளில் ஏறிவிடும். வீட்டுக்குப் போய்க் குச்சியால் நோண்டிவிட்டு, பொருத்திய மெக்கானிக் சரியில்லை என்று ஒரு வாரம் திட்டலாம். ஐயாவுக்கு அதெல்லாம் கைவந்த கலை. யாமினி அதையும் எதிர்பார்த்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கணத்தில் அவளும் அதையே விரும்பினாள். போகட்டுமே, மனுஷனுக்கு ஒரு மேலங்கி கிடைக்கட்டுமே.

துப்பாக்கி கோளாறு செய்தால் முனையை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு கையை உயர்த்த வேண்டும், ஆள் வரும்வரை அசையக் கூடாது. கிளப்பின் விதி அது.

இளங்கீரனின் இடது கை மேலே போனது.

கிரஹாம் திரும்பினார். "என்ன, மேட்?"

"சேஃப்டி லாக் ஆகல," என்றார் இளங்கீரன் ஆங்கிலத்தில். காற்றையும் யாமினியின் காதடைப்பானையும் மீறிக் கேட்கும்படி உரக்கவே சொன்னார். "கெடுத்தது நான்தான். செக் பண்ணாமக் கொண்டுவந்ததும் நான்தான்."

கிரஹாம் மேலங்கியைத் திரும்ப மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்து மண்டியிட்டார். தோட்டாவை வெளியே எடுத்தார். நெம்புகோலை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "சரி, கையை இறக்கு," என்றார்.

இளங்கீரன் தலையைத் திருப்பி, 'கேட்டியா?' என்பதுபோலத் தடுப்புக்குப் பின்னால் நின்ற யாமினியைப் பார்த்தார். கையை இறக்கவில்லை.