வேப்பிலை வைத்த ஜாடிகள்

அம்மை போட்டிருக்கும் வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது. அதனால் அன்றைக்கு என் அம்மாவிடம் கிசுகிசுவென்றுதான் சண்டை போட்டேன். தங்கைக்கு அம்மை கண்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியது போதாதென்று, நான் வெளியூர் போய்வந்த நான்கு நாளில், உள்ளறையிலிருந்த என் மணல் ஜாடிகளின் வாயிலும் ஆளுக்கொரு கொத்து வைத்துவிட்டிருந்தாள் அம்மா.

“அம்மா வந்த ஊட்டுல வேப்பல வெக்காம வேற இன்னாத்த வெப்பாங்க?” என்றாள்.

ஜாடிகளில் இருந்தவை வெட்டுக்கிளி முட்டைகள். எண்பதுகளில் என் மூன்று வருட ஆராய்ச்சியே அவைதான். செஞ்சிக் கோட்டை மலையின் பாறைகளில் சாம்பல் நிற வெட்டுக்கிளி, கீழே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் கொல்லையில் பச்சை. இரண்டும் சந்திக்கிற குறுகலான மலையடியில் தாராளமாகக் கலந்தன; ரெண்டுங்கெட்டான் நிறத்தில் பிறந்தவையும் நன்றாகத்தான் துள்ளின. ஆனால் அந்தக் கலப்பு அங்கிருந்து ஒரு கொல்லை தாண்டிப் பரவவில்லை. கலந்ததன் உடம்பில் இரு தரப்பு மரபணுக்களும் ஒத்துப்போகாமல், அது இடும் முட்டை வீணாகிறது என்பது என் ஊகம். அந்தத் தடை இருக்கும்வரை இரண்டும் கரைந்து ஒன்றாகாது. காலப்போக்கில் தனித்தனி இனமாகவே பிரிந்துவிடும்.

பாறை ஜாடி, கொல்லை ஜாடி, கலந்த ஜாடி. முதல் இரண்டும் பொரிய வேண்டும், மூன்றாவது பொரியக் கூடாது. வேப்பிலையோ பூச்சிக்கு எமன். எதுவுமே பொரியாவிட்டால் கெடுத்தது மரபணுவா, வேப்பிலையா? மறுபடி செய்ய அடுத்த மழை வரவேண்டும். ஆய்வேட்டைக் கொடுக்க எனக்கு அதுவரை தவணை இல்லை.

கொத்துகளைப் பிடுங்கி எறிந்தேன். உடனே பயம் வந்தது. இதனால் தங்கைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? படித்தவள்தான் நான், இருந்தாலும் குனிந்தேன். எல்லாவற்றையும் பொறுக்கி அவள் தலைமாட்டில் வைத்தேன்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தாளிக்காத குழம்பு ஒரு சாக்கு. சும்மா சும்மா போய் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தேன். தங்கைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று காலை, பாறை ஜாடியில் எள்ளளவு ஏதோ துள்ளியது. மதியம் கொல்லை ஜாடியிலும். கலந்த ஜாடியில் மூன்று நாள் பொறுத்தும் அசைவில்லை. மணலைக் கிளறினேன். முட்டைகள் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன.

“பொரியலம்மா, ஒன்னுகூட பொரியல!” வீடு அதிரக் கத்தினேன்.

அம்மா மஞ்சள் கையோடு ஓடி வந்தாள். ஜாடிக்குள் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள்.

“ஒருத்தி பொழைக்கணும்னு நான் வேண்டிக்கினு கெடந்தேன். நீ பக்கத்துலயே உக்காந்துகினு இதுக்கா வேண்டிக்கின?”