போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் பயம்

என் எதிர்வீட்டுக்காரர் பெயர் பெக்கா. நான் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் தன் கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடுவார். நான் படியிறங்கிப் போன பிறகுதான் வெளியே வருவார். படிக்கட்டில் என்னைப் பார்த்துவிட்டால் "ஹுவோமென்தா" என்று ஒரு காலை வணக்கம் சொல்ல வேண்டி வந்துவிடுமே என்ற பயம். பின்லாந்தில் இதற்கு மரியாதை என்று பெயர். வந்து ஐந்து குளிர்காலம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் அவர் கார் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நம் பக்கமாக இருந்தால் கீழே நின்று ஒரு சத்தம் போட்டிருப்பேன். இங்கே சத்தம் கூடாது. எப்போதோ பார்சல் வாங்கி வைக்கச் சொல்லிக் கொடுத்த எண் இருந்தது, அடித்தேன். எடுக்கவில்லை. இரண்டாம் முறை அடித்ததும் கம்பளிக் காலுறையோடு ஓடிவந்து கதவைத் திறந்தார். முகம் வெளுத்திருந்தது.

"யாருக்கு என்ன ஆயிற்று?" என்றார் ஆங்கிலத்தில்.

"யாருக்கும் ஒன்றுமில்லை. கார் விளக்கு எரிகிறது."

"அதற்கு ஒரு டெக்ஸ்டிவியஸ்தி போதுமே!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். குறுஞ்செய்தியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இவர்களுக்குப் போன் அடித்தால் எங்கோ சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பழவேற்காட்டில், தோணிரேவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் குப்பத்தில் கதை தலைகீழ். போன் அடிக்காவிட்டால்தான் சாவு. ஒருநாள் நான் பேசவில்லை என்றால் குளிரில் விறைத்துக் கிடக்கிறேன் என்று அம்மா முடிவு கட்டிவிடுவாள். நைனாவின் பயம் வேறு. தெரியாத எண்ணை எடுத்தால் பாங்க் பணம் போய்விடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் தெரிந்த எண்ணையும் எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தால் வீடியோ காலையும் காதில் வைத்துத்தான் பேசுவார். ஐந்து வருடமாகப் போனில் நான் பார்த்த என் அப்பாவின் முகம் ஒரு காது. தம்பி சேகர் இன்னும் மோசம். படகில் நிற்கிறான், வாடைக்காற்று மூஞ்சியில் அறைகிறது, அவன் போனில் காற்று அடிக்கிறதா என்று பார்க்கிறான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும்போது நானும் போனைப் பார்த்துத்தான் குளிருகிறதா என்று தெரிந்துகொள்கிறேன். மூடிக்கொண்டேன்.

இந்தக் கருமம் பிடித்த போனை நம்பித்தான் இந்த வருடம் பாட்டுக்கு உட்கார்ந்தோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் இறால் பிடிக்க யார், எந்த இடத்தில், எந்த முறையில் வலை கட்டலாம் என்பதைத்தான் எங்கள் பக்கத்தில் பாடு என்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரிக்கும். கல்யாணமான ஆம்பிளை பெயரில்தான் பாடு. பெயரைக் கூப்பிடும்போது அவனே "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று தரம் கூப்பிடுவார்கள். பதில் வரவில்லை என்றால் அந்த வருடம் அந்த வீட்டுக்கு ஏரி கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆனதும் நைனா தன் பாட்டை எனக்கு விட்டுவிட்டார். காட்டுப்பள்ளியில் வெல்டிங் பழகி நான் இங்கே கப்பல் கட்ட வந்த பிறகு அதில் வலை கட்டுவது சேகர். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒவ்வொரு வருடமும் சீட்டு நாளுக்கு லீவு போட்டுப் பறந்து போய், ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன். இந்த வருடம் லீவு இல்லை என்றுவிட்டார்கள்.

போனில் வருகிறேன் என்று சொன்னதும் ஊரில் பெரிய ரகளை.

"செல்லுல கீறவன் ஊர்ல கீறவனா? அப்போ டிவில வர்றவனுக்கும் பாடு குடுத்துடலாமா?" என்று ஒருவர் கேட்டாராம்.

நைனா விடவில்லை. "எம்புள்ள மூஞ்சி தெரியுது, வாய் பேசுது. இன்னும் இன்னாய்யா வேணும் ஒங்களுக்கு?"

கடைசியில் தலைவர் ஒத்துக்கொண்டார். "சரி, வரட்டும். ஆனா பேர் சொன்னா அவனே வாய தொறந்து சொல்லணும். ஊருக்குக் கேக்கணும்."

அங்கே வெயில் ஏறிய நேரம், இங்கே விடியாத காலை. நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். முப்பது பேர் இருப்பார்கள், மூச்சுச் சத்தம்கூட இல்லை. நைனா போனை, நான் வழக்கமாக உட்காரும் இடத்தில், மணலில் மிதவைக் கட்டைமேல் சாய்த்து வைத்திருந்தார். எனக்கு எல்லாம் தெரிந்தது. தலைவர் என் பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றேன். கையால் வாயை மறைத்துக்கொண்டு, காதோடு ரகசியம் சொல்வதுபோல.

ஏரிக்கரைக் காற்றில் அது எங்கே கேட்கும்? "அண்ணா, சத்தமா சொல்லுண்ணா!" என்று சேகர் கத்தினான். அவன் கத்தியது என் போனிலிருந்து பஸ் முழுக்கக் கேட்டது. முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கத்தியே வளர்ந்த தொண்டை எனக்கு. அதிலிருந்து மறுபடியும் அதே ரகசியக் குரல்தான் வந்தது. பெக்கா கதவுக்குப் பின்னால் நிற்பதற்கு எரிச்சல்பட்டவன், கைக்குப் பின்னால் நின்றேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கதவுப் பக்கம் ஓடினேன். பஸ் நிற்க வேண்டாமா? நிதானமாகத்தான் நின்றது, இந்த ஊரில் எதற்கும் அவசரம் கிடையாது. பனியில் குதித்து, "இருக்கேன்! இருக்கேன்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நாயைப் பிடித்துக்கொண்டு போன ஒரு கிழவர் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்.

போனில் அடுத்தவன் பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

நைனா சண்டை போட்டார். "அதான் கத்தறானே, காதுல வுழலயா?" என்றார்.

"மூணு தரம் கூப்புட்டாச்சு. கத்தறதுக்கு வெக்கப்படறவனுக்கு ஏரில இன்னா பாடு?" என்றார் தலைவர்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எல்லார்மேலும் படுகிறேன். வருடம் முழுக்க என் தம்பி வலை கட்டிய இடத்தை மூன்று கூப்பாட்டில் பிடுங்கிய ஊர்மேல், பேசினாலே குற்றவாளியைப் போலப் பார்க்கும் இந்தப் பஸ்மேல், நாலாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனைப் பக்கத்தில் இருப்பதாக ஏமாற்றும் இந்தப் பெட்டிமேல். சேகர் இப்போது அடுத்தவன் படகில் கூலிக்குப் போகிறான். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று யாரோ எடுத்த படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மணலில் ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். என் இடத்தில் மிதவைக் கட்டையில் சாய்ந்து ஒரு போன். அதில் என் முகம், பாதியை என் கையே மறைத்திருக்கிறது. பக்கத்தில் நைனா அதை நோக்கிக் குனிந்து, பழக்கதோஷத்தில் காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார்.