வீட்டிலிருந்து வந்த கோடு

அந்த மூன்றாவது மாடி ஹாலுக்குள் நுழையும்போதெல்லாம் பெரியவளுக்குப் பயமாக இருக்கும். யாராவது திட்டுவார்களா, அடிப்பார்களா? அதெல்லாம் ஒன்றும் கிடையாது. எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அதுதான் வினையே.

பள்ளிக்கூடத்தின் கலைப்பிரிவு அது. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் காலையில் பாடம், மத்தியானம் முழுக்க ஓவியம். வருஷத்துக்குப் பதினாறு பேரைத்தான் சேர்ப்பார்கள். சேர வேண்டுமானால் ஒரு நோட்டு நிறையப் படம் வரைந்து எடுத்துக்கொண்டு போய், ஓவிய சார் முன்னால் உட்கார வேண்டும். பெரியவள் ஒரு வருஷம் முக்கி முனகிப் பதினொரு படம் வரைந்து வைத்திருந்தாள். செருப்பு, ஜன்னல், குடை, அப்பாவின் ஸ்பானர் பை என்று கண்ணில் பட்டதையெல்லாம் விடவில்லை. நேர்முகத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நோட்டைத் திறந்தால், கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டாவதாக ஒரு படம் உட்கார்ந்திருக்கிறது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அம்மா பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் ஒரு கால் செருப்பைக் கழற்றியதும் மறு கால் செருப்போடு தூங்கிவிடுவாள். அப்படியே இருந்தது படத்தில்.

சின்னவளின் வேலை. இரண்டு வயது இளையவள், இடது கைக்காரி. பொழுது போகாமல் கையில் கிடைத்த நோட்டில் கிறுக்கியிருக்கிறாள். பெரியவளுக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைக் கிழிக்கத்தான் போனாள். ஆனால் அது தைத்த நோட்டு. பின்னால் ஒரு தாளைக் கிழித்தால் முன்னால் அதன் ஜோடித் தாள் கழன்றுவிடும். அந்த ஜோடித் தாளில்தான் அவளுடைய குடைப் படம் இருந்தது, இருப்பதிலேயே நல்ல படம். போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் ஓவிய சார் பதினொரு பக்கத்தையும் பழைய பேப்பர் மாதிரி புரட்டித் தள்ளினார். குடைக்கும் நிற்கவில்லை. பன்னிரண்டாவதில் கை நின்றுவிட்டது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இந்தக் கோடு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார்.

"வீட்லேருந்து சார்."

பொய்யா அது? இல்லை. உண்மையா? அதுவும் இல்லை. பாதிதான் வெளியே வந்தது. மிச்சத்தைச் சொல்வதற்குள் சார் சிரித்துவிட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை அம்மாவும் சிரித்துவிட்டார், பேரை எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்கு விழுந்த பூட்டுதான். வகுப்பில் யாராவது உயிரில்லாமல் வரைந்தால் சார், "வீட்லேருந்து வரணும்டா" என்பார். உடனே பதினைந்து தலை பெரியவள் பக்கம் திரும்பும். அவள் எதை வரைந்தாலும் சார் வந்து நின்று, நல்லாத்தான் இருக்கு, ஆனால் அந்தக் கோடு எங்கே என்பார். அதற்கு அவள் எங்கே போவாள்?

படத்தை நாள்கணக்கில் உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்தாள். வலது கைக்காரர்கள் நிழலுக்குக் கோடு போட்டால் கோடுகள் வலது பக்கம் சாயும். சின்னவளுடையது இடது பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வில்தான் என்னவோ இருந்தது. பெரியவள் பேப்பரைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டு நிழல் போட்டு, பிறகு நிமிர்த்தினாள். சாய்வு வந்துவிட்டது. சாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கூத்தைக் கேளுங்கள், அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் பேப்பரைத் திருப்பித் திருப்பி வரைய ஆரம்பித்தார்கள்.

முதல் வருஷக் கண்காட்சிக்கு வீடே கிளம்பி வந்தது. வராந்தாவில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது, தூங்குகிற அம்மா, கீழே பெரியவளின் பேர். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். சின்னவள் மட்டும் அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். கடைசியில் சின்னவள், ஃபிரேம் நல்லாயிருக்கு என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவள் அக்கா இருக்கும் அறையில் பென்சிலைத் தொட்டதில்லை.

அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். சாப்பிடும்போது தினம் ஒரு கதை சொல்வார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் போன் பண்ணி, வேர்க்குது, பயமா இருக்கு, வீட்டில் தேடுவார்கள் என்று எல்லாவற்றையும் சொல்வார்களாம். எந்த மாடியில் நிற்கிறது என்று கேட்டால் அதை மட்டும் சொல்ல மாட்டார்களாம். வீடே சிரிக்கும். பெரியவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மாதம் அடுத்த செட்டுக்கு நேர்முகம் வந்தது. வந்த பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தாளும் பென்சிலும் கொடுக்கிற வேலையை சார் பெரியவள் தலையில் கட்டினார். தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். உன் தங்கச்சி வருகிறாள், நீ இல்லாமலா என்று முடித்துவிட்டார்.

ஒன்பதாவதாகச் சின்னவள் வந்து உட்கார்ந்தாள். சார் அவள் நோட்டில் நாலு பக்கம் பார்த்தார். ஐந்தாவதைத் திருப்பாமல் மூடினார். நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார்.

"கை நல்லா ஓடுதும்மா. ஆனா இது உங்க அக்காவோட கோடு. கூடவே இருந்து பார்த்துப் பார்த்து வந்திருக்கு, தப்பில்ல. உனக்குன்னு ஒண்ணு வரட்டும், அப்புறம் வா."

பெரியவள் தங்கையின் வாயையே பார்த்தாள். இப்போது சொல்வாள், சொல்லட்டும், என்னைக் கிழித்துத் தொங்கவிடட்டும். சின்னவள் நோட்டுக்கு ரப்பர் பேண்டை மாட்டினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"சரி சார்," என்றாள்.

அந்த "சரி"தான் பெரியவளை உலுக்கிவிட்டது. தன் சீட்டுப் போனால் போகிறது, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். அவளுடைய கோட்டை அவளிடமே அக்காவுடையது என்கிறார்கள், அதற்கும் சரி என்கிறாளே இந்தப் பெண்.

"சார், அது என் கோடு இல்ல."

சார் தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்.

"அவளை வரையச் சொல்லுங்க. எந்தக் கையால வரையறான்னு மட்டும் பாருங்க. நான் பேப்பரைத் திருப்பித்தான் சார் போடறேன். அம்மா தூங்கற படம் அவ வரைஞ்சது."

சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை அம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, இதை வரை என்றார். சின்னவள் இடது கையில் பென்சிலை எடுத்தாள். பேப்பர் அசையவே இல்லை. நிழல் தானாக இடது பக்கம் சாய்ந்து விழுந்தது.

சார் எழுந்து வராந்தாவுக்குப் போனார். கண்ணாடி போட்ட படத்தின் முன்னால் அவர் நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது. திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. சின்னவளின் நோட்டை வாங்கி, ரப்பர் பேண்டைக் கழற்றி, முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். இந்தத் தடவை எந்தப் பக்கத்தையும் விடவில்லை. பேரை எழுதிக்கொண்டார்.

பிறகு பெரியவளைப் பார்த்தார். ரெண்டு வருஷமா என்றார். ஆமாம் என்றாள்.

"அப்ப உன்னோட கோடு எது? உட்காரு. பேப்பரைத் திருப்பாம போட்டுக் காட்டு."

உட்கார்ந்தாள். தாளை நேராக வைத்தாள். பென்சிலை எடுத்ததும் இடது கை தானாகப் போய்த் தாளைப் பக்கவாட்டில் திருப்பியது. நிமிர்த்தி வைத்தாள். மறுபடியும் திருப்பியது. மூன்றாவது தடவையும் அதேதான். சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்றல்லவா நினைத்திருந்தாள்? பதினொரு படம் வரைந்தாளே ஒருத்தி, குடை வரைந்தாளே, அவள் எந்தப் பக்கம் கோடு போட்டாள் என்று இந்தக் கைக்கு ஞாபகமே இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பென்சில் கரி அப்பிய ஒரு உள்ளங்கை வந்து தாளின் மூலையை அழுத்திக்கொண்டது. சின்னவளுடையது.

"இப்பப் போடுக்கா."

பெரியவள் போட்டாள். வலது பக்கம் சாய்ந்து, நடுங்கி, பாதியில் நின்றது. நன்றாகவே இல்லை. சின்னவள் கையை எடுக்கவில்லை. பெரியவள் அதன் பக்கத்தில் இன்னொன்று போட்டாள்.