பிலோமினா அக்காவின் ஃப்ரீ கிக்

மழையில் நனைந்த படாக் மரத்தூளுக்கு ஒரு புளித்த வாடை உண்டு; சாத்தம் தீவின் மர ஆலைக் குடியிருப்பில் வளர்ந்த எங்கள் தலைமுடியிலும் உடுப்பிலும் அது எப்போதும் இருந்தது. அந்தச் சிவந்த தூளைக் கூடையில் அள்ளி வந்து வீட்டின் பின்பக்கம் கோடு போட்டு, ஐந்து மண்ணெண்ணெய் ‘டின்’களை வரிசையாக நிறுத்தி, இதுதான் ஃப்ரீ கிக்கை மறித்து நிற்கும் எதிரணியின் சுவர் என்று எங்களுக்குக் காட்டியவள் என் அக்கா பிலோமினா.

தூத்துக்குடியிலிருந்து ஆலை வேலைக்கு வந்த அப்பா, எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பை நிறுத்தியிருந்தார். நாங்கள் பந்தாடும் திடல் சமையலறை ஜன்னலுக்கு நேரே இருந்தது. மீன் அரிந்துகொண்டே பார்த்துப் பார்த்து, எங்கள் விளையாட்டு ஆசிரியருக்குப் பிடிபடாததெல்லாம் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. ஃப்ரீ கிக் கிடைத்தால் ஓங்கி அடிப்பது ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

“ஏலே, சுவரு மேலயே எதுக்கு அடிக்கிய? பிமல் அடிக்கிற மாதிரி ஓடி வந்து பந்தத் தாண்டிப் போவட்டும். எல்லாரும் அவன் காலத்தான் பாப்பானுவ. நீ சுவரு ஓரமா மெல்ல உருட்டி விடு, அவன் அடிப்பான்” என்றாள்.

பிமல் என் வகுப்பு வங்காளிப் பையன். அக்காவை அவன் பாஷையில் ‘தீதி’ என்பான். அவன் கால் பந்தில் பட்டுவிட்டால், “பிர் ஸே, பிமல்!” என்று மறுபடி ஓடவிடுவாள். டின்கள் நசுங்கும்வரை பழகினோம்.

அதற்குள் ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. ‘மெயின்லாண்டு’க்குப் போகும் கப்பல் தள்ளித் தள்ளிப் போய், பள்ளிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி நடக்கிற அதே மாலையில் புறப்படுவதாயிற்று.

“அக்காவக் கப்பலேத்த வரணும். பந்தெல்லாம் பொறவு” என்றார் அப்பா.

“அவன் ஆடட்டும்ப்பா” என்றாள் அக்கா. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. அந்தச் சொல் போதுமென்று நான் ஓடிவிட்டேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஃப்ரீ கிக் கிடைத்தது. பிமல் ஓடி வந்து பந்தைத் தாண்டினான், சுவராக நின்ற ஐவரும் அவன் காலையே பார்த்தார்கள், நான் சுவரோரமாக உருட்டிவிட்டேன், அவன் அடித்தான். கோல். கோப்பை கொடுத்த அதிகாரி, அருமையான யுக்தி என்று ஆசிரியரின் கையைக் குலுக்கினார். ஆசிரியர் சிரித்தபடி நின்றார். பெண்பிள்ளை சொல்லித் தந்தது என்றால் கேலி செய்வார்களே என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

சேற்றுக் காலோடு கப்பல்துறைக்கு ஓடினேன். ஊருக்குப் போகிற உறவுக்காரர்களோடு அக்காவை ஏற்றிக்கொண்டு கப்பல் போய்விட்டிருந்தது, அப்பா மட்டும் நின்றிருந்தார். “மேட்ச் முடிஞ்சிருக்குமா, முடிஞ்சிருக்குமான்னு கேட்டுக்கிட்டேதான் ஏறினா” என்றார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தூத்துக்குடியில் அவளைப் பார்த்தேன். மூன்று பிள்ளைகள். அத்தான் முன்னால் அந்தக் கோலைப் பற்றிப் பேச்செடுத்ததும், “பந்தா? எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்?” என்று சட்டென மறித்தாள். அவர் வெளியே போனபின், பாத்திரம் கழுவியபடி மெதுவாகக் கேட்டாள்:

“எந்தப் பக்கம்ல அடிச்சான்?”

“இடது மூலைக்கா. கோல்கீப்பர் அசையவே இல்ல.”

“ம்” என்றாள். அவள் கை வெகுநேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

அக்கா இறந்து ஆறு வருடமாகிறது. பிமல் எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை. திடலில் கட்டடம் எழும்பிவிட்டது. சென்ற மாதம் பழைய மாணவர் கூட்டத்தில் அந்த வெற்றியை நினைவுகூர்ந்து, மறைந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். நான் எழுந்து, அது என் அக்கா சொல்லித் தந்த யுக்தி என்றேன். உங்கள் அக்காவின் படம் இருந்தால் கொடுங்கள், மாட்டி வைக்கிறோம் என்றார்கள். தேடிப் பார்த்தேன். அந்த வயது பிலோமினாவை யாரும் படமெடுத்திருக்கவில்லை.