பதினெட்டில் ஒரு மரம்

வாயில் போட்ட ஆப்ரிகாட் பழத்தை வாடிக்கையாளர் மென்று முடிப்பதற்குள் ஹோசியத்தின் தகரக் கிண்ணம் அவர் மோவாய்க்குக் கீழே வந்துவிடுகிறது. "நல்லா சாப்பிடுங்க, வேண்டாங்கல. கொட்டைய மட்டும் இதுல போட்டுட்டுப் போங்க." இஸ்ஃபரா ஊர்ச் சந்தையில் விவசாயிகளே உட்கார்ந்து விற்கும் வரிசையில், வாய்க்காலை ஒட்டிய மூன்றாவது இடம் அவளுடையது. ருசி பார்த்தவர் வாங்காமல் போகலாம், கொட்டையோடு போக முடியாது. ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நழுவப் பார்த்தார். ரொட்டிக் கடை வரை துரத்திப் போய் வாங்கி வந்தாள்.

ஜூன் பிறந்தால் ஊரே வெறும் வயிற்றோடு இந்த வரிசைக்கு வந்துவிடும். சூடான ரொட்டியைப் பிய்த்து, ஆப்ரிகாட்டைப் பிளந்து அதன் மேல் வைத்து, சாறு முழங்கை வரை வழிய நின்றபடியே தின்பார்கள். ஹோசியத்தின் பழத்துக்குத் தனி மவுசு. அமுக்கிப் பார்ப்பவர்களைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது. "பழம் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? கைய எடு, கன்னிப் போயிடும்" என்பாள்.

பக்கத்தில் ஓர் ஆற்றுக்கல், கையில் பழைய குதிரை லாடம். கிண்ணத்தில் விழுந்ததை அப்போதே உடைத்து, பருப்பை நுனிநாக்கில் வைத்துப் பார்க்கிறாள். கசந்தால் எண்ணெய்க்காரனுக்குப் போகும் சாக்கில் போடுகிறாள். தித்தித்தால் அது அவளுடைய அங்கிப் பைக்குள் போகும், விற்பனைக்கு இல்லை. தோட்டத்துப் பதினெட்டு மரங்களில் ஒன்றுக்குத்தான் தித்திக்கும் பருப்பு. வெளியே பார்த்தால் எல்லாப் பழத்துக்கும் ஒரே முகம்தான், தின்று பார்த்தாலும் தெரியாது. உடைத்தால்தான் தெரியும்.

அவள் பழம் தின்று மூன்று வருடம் ஆகிறது. அதை யாரும் கவனித்ததில்லை. "உங்க தோட்டத்துப் பழம் மாதிரி வருமா அக்கா" என்று யாராவது சொன்னால், தராசைச் சரிபார்க்கிற சாக்கில் குனிந்துகொள்கிறாள்.

தோட்டம் அவளுடையது இல்லை. கல் பொறுக்கி, குழி வெட்டி, முதல் இரண்டு கோடைக்கும் வாளியில் தண்ணீர் சுமந்தது அவளும் அவள் புருஷன் ஷரீஃபும்தான். ஷரீஃப் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். சாரத்திலிருந்து விழுந்து பெட்டியில் திரும்பி வந்தான். நாற்பதாம் நாள் சோறு ஆக்கிய அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் கொழுந்தன் நுஸ்ரத் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினான். நிலம் மாமனார் பெயரில் இருந்தது, இப்போது அவன் பெயரில் இருக்கிறது. "நீங்க உள்ள வந்து சிரமப்பட வேணாம் அண்ணி, பழம் வெளிய வரும்" என்றான். மரியாதை குறையாமல்தான் சொன்னான், பாவி.

அன்றிலிருந்து விடியற்காலையில் போய் வேலிக்கு வெளியே நிற்கிறாள். ஷரீஃப் மாட்டிய கதவு திறக்கும், கூலியாட்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள், கதவு சாத்திக்கொள்ளும். வேறு தோட்டத்தில் சரக்கு எடுக்கலாமே என்று பக்கத்து முலாம்பழக்காரி நூறு தடவை சொல்லிவிட்டாள். எடுக்க மாட்டாள்.

இந்த வாரத்தோடு பறிப்பு முடிந்தது. கடைசிப் பெட்டியோடு அவள் உட்கார்ந்திருந்த காலையில் நுஸ்ரத்தின் மனைவி, அவள் ஓரகத்தி சனோபர் வந்து எதிரே குந்தினாள். தோட்டத்தில் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்களாம். முற்றத்தில் நிழலுக்கு ஒரே ஒரு மரத்தை மட்டும் விடலாம் என்று நுஸ்ரத் நினைக்கிறானாம். அது அந்தத் தித்திக்கும் மரமாகவே இருந்தால் விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மூன்று வருடம் பெட்டி பெட்டியாக விற்றவனுக்கு அது எந்த மரம் என்று தெரியவில்லை. உடைத்துப் பார்க்கக் கிளைகளில் ஒரு பழமும் மிச்சமில்லை.

"நாளைக்குக் காலைல ரம்பம் வருதுக்கா. எதுன்னு கை காட்டினா போதும். உள்ளயே வந்து காட்டுங்க, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

ஹோசியத்துக்குத் தெரியும். வாய்க்கால் மேட்டிலிருந்து இரண்டாவது வரிசையில் ஐந்தாவது மரம். கண்ணைக் கட்டிவிட்டாலும் நேரே போய்த் தொட்டுவிடுவாள். சொன்னால் மரம் பிழைக்கும், நுஸ்ரத்தின் விருந்தாளிகள் அதைப் பறித்துத் தின்பார்கள். சொல்லாவிட்டால் அது யாருக்கும் இல்லை.

"வேலிக்கு வெளிய நிக்கிறவளுக்கு உள்ள இருக்கற மரம் எப்படிம்மா தெரியும்?"

சனோபர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் ஹோசியத் பெட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் தின்றாள். கொட்டையைத் தன் கிண்ணத்திலேயே துப்பி, எடுத்து உடைத்தாள். கசந்தது. இன்னொன்றைத் தின்றாள், அதுவும் கசந்தது. அந்த மரத்துக் கடைசிப் பழம் ஒன்றாவது இந்தப் பெட்டியில் இருக்க வேண்டும். மூன்றாவது, நாலாவது என்று பழத்தை அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டுக் கொட்டைகளை உடைத்துக்கொண்டே போனாள். தினமும் வருகிற ரொட்டிக் கடைக்காரர் வழக்கம்போல ஒரு பழத்துக்குக் கை நீட்டினார். அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். "இன்னைக்கு விக்கலைங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அடுத்த கொட்டையின் மேல் லாடத்தை ஓங்கினாள்.